நாற்பது கொழுத்த பன்றிகளும் ஒரு வட்டக் கோபுரமும்

லண்டனில் இருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதாலேயே ரோச்செஸ்டர் கோட்டையைப் பல வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருப்பதற்கு எப்போதும் அந்தக் கதிதான். பள்ளி விடுமுறையில் அக்கா மகனை இரண்டு நாள் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவனை வீட்டுக்குள் வைத்துச் சமாளிக்க முடியாது என்று தெரிந்ததும்தான் கிளம்பினோம்.

மெட்வே ஆற்றைத் தாண்டாமல் டோவரில் இருந்து லண்டனுக்கு வர முடியாது. ரோமானியர்கள் போட்ட சாலை இந்த இடத்தில்தான் பாலத்தில் ஏறி ஆற்றைக் கடந்தது. அதனால் பாலத்தைப் பார்த்தபடி ஒரு கோட்டை வேண்டும் என்று, 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. 1080களின் கடைசியில் குண்டுல்ஃப் என்கிற பிஷப் இங்கே கல்லால் மதில் கட்டினார், அதில் ஒரு பகுதி பழைய ரோமானிய நகர மதில்மேலேயே நிற்கிறது. லண்டன் டவரின் வெள்ளைக் கோபுர வேலையை மேற்பார்த்தவரும் இதே ஆள்தான். எதிரே இருக்கும் பேராலயத்தைக் கட்டத் தொடங்கியதும் அவரே. பிஷப்பா இல்லை மேஸ்திரியா என்று கேட்கத் தோன்றுகிறது.

நாம் போய் அண்ணாந்து பார்க்கிற அந்தப் பெரிய கோபுரம் அடுத்த தலைமுறையுடையது. 1127-ல் மன்னர் முதலாம் ஹென்றி கோட்டையைக் கான்டர்பரி பேராயரிடம் ஒப்படைக்க, அவர் கட்டியது. கென்ட் பகுதியின் முரட்டுக் கல்தான் முக்கால்வாசி, மூலைகளுக்கு மட்டும் நார்மண்டியில் இருந்து கப்பலில் வந்த கல். சுமார் 34 மீட்டர் உயரம், மூலைக் கோபுரங்கள் அதற்கும் மேலே. சுவரின் கனம் மூன்று மீட்டருக்கும் அதிகம்.

உள்ளே நுழைந்ததும் பையன் ஏமாந்து போனான். கூரை இல்லை, மாடிகளும் இல்லை. மரத் தளங்கள் எல்லாம் எப்போதோ போய், அடுப்படிகள் மட்டும் சுவரில் அந்தரத்தில் தொங்குகின்றன, நடுவில் நின்று பார்த்தால் நேராக வானம், வானத்துக்கும் நமக்கும் நடுவே ஏகப்பட்ட புறாக்கள். (தொப்பி போட்டுக்கொண்டு போங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.) எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது நடுச்சுவர். கட்டடத்தை இரண்டாகப் பிரிக்கிற அந்தச் சுவருக்குள்ளேயே கிணற்றை மேல்வரை கொண்டுபோயிருக்கிறார்கள், எந்த மாடியில் இருந்தும் வாளியை இறக்கித் தண்ணீர் இழுத்துக்கொள்ளலாம். முற்றுகைக்குத் தயாராவது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

முற்றுகையும் வந்தது, 1215-ல். அந்த ஜூனில்தான் ஜான் மன்னன், தன் அதிகாரத்துக்குக் கடிவாளம் போடும்படி பிரபுக்கள் கேட்டு வாங்கிய மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைத்திருந்தான். சில மாதத்திலேயே அது செல்லாமல் போய், எதிர்த்த பிரபுக்கள் லண்டன் வழியை மறிக்க இந்தக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார்கள். ஜான் அக்டோபரில் வந்தான். உதவிக்கு யாரும் வரமுடியாதபடி பாலத்தை உடைத்தார்கள். கான்டர்பரிக்கு ஓர் உத்தரவு போயிற்று: ஊரிலுள்ள கொல்லர்கள் எல்லாரும் இரவு பகலாகப் பிக்காசு அடிக்க வேண்டும். கல்லெறியும் பொறிகள் வாரக்கணக்கில் அடித்தும் பெரிய கோபுரம் அசையவில்லை. அப்புறம்தான் தரைக்குக் கீழே போனார்கள். தென்கிழக்கு மூலையின் அடியில் சுரங்கம் தோண்டி, மேலே உள்ள சுவர் தலையில் விழாமல் இருக்க மரத்தூண் முட்டுக் கொடுத்துக்கொண்டே போவது, கடைசியில் அந்த முட்டுகளுக்குத் தீ வைப்பது. நவம்பர் 25-ம் தேதி ஜான் தன் தலைமை அதிகாரி ஹூபர்ட் டி பர்குக்கு எழுதினான்: கோபுரத்துக்குக் கீழே தீ மூட்ட வேண்டும், கொழுத்த பன்றிகளாக நாற்பது உடனே அனுப்பு, சாப்பிட லாயக்கில்லாதவையாகப் பார்த்து.

அந்தக் கடைசி வரியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நாடே பற்றி எரிகிறது, அப்போதும் நல்ல பன்றியை வீணாக்க மனசு வரவில்லை.

"சித்தி, அந்தப் பன்றியெல்லாம் யாரோடது?" என்றான் பையன்.

"ஊர்க்காரங்களோடதா இருக்கும்டா."

"காசு கொடுத்தாங்களா?"

நல்ல கேள்வி.

பன்றிக் கொழுப்பில் தீ பற்றிக்கொண்டது, மூலை சரிந்தது. ஆனாலும் உள்ளே இருந்தவர்கள் விடவில்லை. அந்தக் கிணற்றுச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கி, குதிரைகளைத் தின்று இன்னும் சில நாள் ஓட்டினார்கள். நவம்பர் 30-ல் பட்டினிதான் அவர்களைப் பணிய வைத்தது. ஜான் எல்லாரையும் தூக்கில் போடத் துடித்தானாம், நாளை நம் ஆட்கள் அவர்களிடம் மாட்டினால் என்ன ஆகும் என்று கூட இருந்த தளபதி ஒருவர் சொல்லித் தடுத்திருக்கிறார். அடுத்த வருஷமே ஜான் செத்துப்போனான். இடிந்த மூலையை அவன் மகன் மூன்றாம் ஹென்றி காலத்தில்தான் கட்டினார்கள், சதுரமாக இல்லாமல் வட்டமாக.

அதனால்தான் இந்தக் கோபுரத்துக்கு மூன்று மூலை சதுரம், ஒன்று உருண்டை. பாலத்துப் பக்கம் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், பின்புறம் சுற்றி வந்து பாருங்கள். ஒட்டுப்போட்ட இடம் அப்போதுதான் சரியாகத் தெரியும்.

1264-ல் இன்னொரு முற்றுகை, பிறகு பழுது பார்ப்பு, பிறகு நீண்ட காலம் கவனிப்பாரற்ற நிலை. 19-ம் நூற்றாண்டில் ஊர் நிர்வாகமே வாங்கிப் பூங்காவாக்கியது. சுற்றியுள்ள புல்வெளிக்கு இன்றும் கட்டணம் கிடையாது, கோபுரத்துக்குள் போகத்தான் சீட்டு. படிகள் சுழல்படிகள், தேய்ந்து போனவை, இறங்கும்போது எனக்கு முழங்கால் கெஞ்சியது. மேலே காற்று ஆளைத் தள்ளும், ஆனால் அங்கிருந்து ஆற்றின் வளைவையும் பேராலயத்தையும் பார்க்காமல் வருவதற்கு ரோச்செஸ்டருக்கே போக வேண்டாம்.

ரயிலில் திரும்பும்போது பையன் என் நோட்டை வாங்கிப் பன்றிகள் வரைய ஆரம்பித்தான். நாற்பதும் வேண்டுமாம். 17 முடிந்தபோது லண்டன் வந்துவிட்டது.