செத்துப்போன தலைவர், மீசை எடுத்த வாத்தியார்: கூத்து ஜமாவுக்கு நிதியுதவி வாங்கிய கதை

பணம் வந்துவிட்டது. அதனால்தான் நிதானமாக எழுத முடிகிறது. போன ஐப்பசியில் எழுத உட்கார்ந்திருந்தால் பாதிக்கு மேல் வசவாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்து ஜமா (கூத்துக் குழு) ஒன்றின் காகித வேலைகளைப் பார்ப்பவன் நான். வேஷம் கட்டத் தெரியாது, பின்பாட்டு பாடவும் குரல் இல்லை. கணினி தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். கூத்து சொல்லித்தரும் வாத்தியாருக்கு எழுபது நெருங்குகிறது. கற்றுக்கொள்ள ஆறு பேர் இருக்கிறார்கள். ஆனால் திருவிழாக் காலம் முடிந்ததும் அவர்களில் பாதிப் பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மாதாமாதம் கையில் ஏதாவது வந்தால் ஊரிலேயே நிற்பார்கள் என்றுதான் இதில் இறங்கினோம்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையம் போன்ற மண்டல மையங்கள் நடத்தும் குரு–சிஷ்ய பரம்பரைத் திட்டம். குருவுக்கு மாதம் 7,500 ரூபாய், பக்கவாத்தியக்காரருக்கு 3,750, சிஷ்யருக்கு 1,500. பயிற்சி ஆறு மாதம் முதல் ஒரு வருடம். குறுகிய காலத்தில் சொல்லித்தர முடிகிற கலைக்கு இது சரிப்படும். கூத்தில் அடவும் தாளமும் உடம்பில் ஏறவே ஒரு சீசன் ஆகிவிடும். கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி வெளியே வருவது அதற்கப்புறம்தான். அதனால் இரண்டாவது வழிக்குப் போனோம். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் கலைக்குழுக்களுக்கு நேரடியாகத் தரும் நிதி அது. ‘ரெபர்ட்டரி கிராண்ட்’ என்று தேடினால் கிடைக்கும். குருவுக்கு மாதம் 15,000, சிஷ்யர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை. கூத்து மாதிரி நாடகக் கலை என்றால் ஒரு குருவுக்கு அதிகபட்சம் 18 சிஷ்யர்கள். வயதைப் பொறுத்து என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

விண்ணப்பத்தை நிரப்புவது ஒரு நாள் வேலை. அதற்கு முன்னால் இருப்பதுதான் மலை.

தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது, பதிவு செய்த சங்கம் வேண்டும். எங்கள் ஜமா எப்போதோ சங்கமாகப் பதிவாகியிருந்தது. ஆனால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருடா வருடம் தாக்கல் செய்ய வேண்டிய கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பழைய ஆட்கள் யாரும் கொடுக்கவே இல்லை. பதிவேட்டில் தலைவர் என்று இருந்தவர் காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. புதுத் தலைவர் பெயரைச் சேர்க்கப் போனால், கவுன்ட்டரில் இருந்தவர் பழைய தலைவரின் ராஜினாமாக் கடிதம் கேட்டார்.

"அவர் இறந்துட்டார் சார்."

"அப்படின்னா கையெழுத்து யார் போடுவாங்க?"

இறப்புச் சான்றிதழ் கொண்டுபோனோம். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தின் தீர்மானம் எங்கே என்றார். இதை முதல் தடவையே சொல்லியிருந்தால் பஸ் காசாவது மிச்சமாகியிருக்கும். மினிட் புத்தகம் வாங்கி, கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதிக் கொண்டுபோன அன்று அவர் விடுப்பு. மற்ற மேசைகளில் யாரும் அந்தக் காகிதக் கட்டைத் தொடக்கூட மாட்டேன் என்றார்கள். கடைசியில், அந்த அலுவலகத்து வாசலில் படிவம் எழுதிக்கொடுக்கும் ஒரு பெரியம்மாதான் வழி சொன்னார்: "விட்டுப்போன வருஷத்துக்கெல்லாம் அபராதத்தோட ஒரே மூச்சுல கட்டிடு தம்பி. தனித்தனியா கொண்டுபோனா தனித்தனியா அலைய விடுவாங்க." அப்படியே செய்தோம், முடிந்தது. நீங்களும் உள்ளே போவதற்கு முன் வாசலில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் நிதி ஆயோக்கின், தொண்டு அமைப்புகளைப் பதியும் தர்ப்பண் தளத்தில் சங்கத்துக்கு ஓர் எண் வாங்க வேண்டும். அது இல்லாமல் இந்த நிதி நகராது. இதில் சிக்கல் பான் அட்டையில் வந்தது. தெருக்கூத்து என்பதைப் பதிவுச் சான்றிதழிலும் பாஸ்புக்கிலும் ஒரு மாதிரி, பான் அட்டையில் வேறொரு மாதிரி ஆங்கிலத்தில் அடித்து வைத்திருக்கிறார்கள். ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் கணினி ஏற்காது. பான் அட்டையைத் திருத்தி வாங்குவதுதான் சுலபம், மற்ற இரண்டையும் மாற்றப் போனால் அடுத்த பங்குனி வந்துவிடும். சங்கம் தொடங்க நினைக்கிறவர்கள் பெயரை எந்த ஸ்பெல்லிங்கில் எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்து, சுவரில் ஒட்டி வையுங்கள்.

இனி ஆதாரங்கள். குரு என்பவர் குருதான் என்று காட்ட வேண்டும். எங்கள் வாத்தியாரிடம் பட்டம் இல்லை, விருது இல்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருந்தது, அது கைகொடுத்தது. ஆனால் எத்தனை வருடமாக நிகழ்த்துகிறார், எங்கெங்கே என்பதற்குக் காகிதம்? கூத்துக்கு யார் ரசீது கொடுக்கிறார்கள்? தாம்பூலத்தில் அச்சாரம் வைத்துக் கொடுப்பார்கள், விடிந்ததும் மீதிப் பணம், அவ்வளவுதான்.

அப்போதுதான் வாத்தியார் வேஷப் பெட்டியைத் திறந்தார். தகரப் பெட்டி. மேலே கண்ணாடித் துண்டு பதித்த கிரீடங்கள், கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கியவை. அதற்கடியில் அரிதாரப் பொட்டலங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், தகரம் துருவேறி மரத்தில் படாமல் இருக்க விரித்திருந்த காகிதம் முழுக்கத் திருவிழா நோட்டீஸ்! ரோஸ், மஞ்சள், வெளிர்பச்சை. ‘இரவு 10 மணிக்கு மேல் கர்ண மோட்சம் தெருக்கூத்து நடைபெறும், இப்படிக்கு விழாக் குழுவினர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்.’ பல வருடத்து நோட்டீஸ்கள் மடங்காமல் கிடந்தன. ஜமாவின் பெயர் எல்லாவற்றிலும் இருந்தது, வாத்தியார் பெயர் சிலவற்றில்தான். பெயர் இல்லாதவற்றுக்கு அந்தந்த ஊர் நாட்டாண்மைகளிடம் போய், இன்னார்தான் வந்து ஆடினார் என்று கடிதம் வாங்கினோம். ஒருவர் கடிதத்தோடு இரண்டு படி மல்லாட்டையும் (வேர்க்கடலை) கொடுத்து அனுப்பினார். இந்த முழு வேலையிலும் நான் சந்தோஷமாக அலைந்தது அந்த ஊர்களுக்கு மட்டும்தான். கலைஞர்களே, நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள். பெயரையும் அடிக்கச் சொல்லுங்கள்.

சரி, வயது விஷயம். சிஷ்யர்களில் ஒருவனுக்கு ஆதாரில் பிறந்த வருடம் மட்டும் இருந்தது. இன்னொருவனுக்கு, தேதி தெரியாவிட்டால் போடும் ஜனவரி 1. வயதை வைத்துத்தான் தொகை என்பதால் இது சில்லறை விஷயம் இல்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழ் வைத்து ஆதாரைத் திருத்தலாம் என்றால், ஒருவன் படித்த பள்ளியில் பழைய பதிவேடு உடனே கிடைக்காது என்று கைவிரித்தார்கள். அவனுடைய அம்மா பழைய தடுப்பூசி அட்டையை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். அதில் இருந்த தேதியைக் காட்டி மறுபடி கேட்ட பிறகுதான் பதிவேட்டைத் தேடவே எழுந்தார்கள். தேடினால் அரை மணி நேரத்தில் கிடைத்தது.

வங்கியை நினைத்தால் இப்போதும் எரிகிறது. சங்கக் கணக்கு செயல்படாமல் முடங்கிக் கிடந்தது, அதைத் தட்டி எழுப்பியாகிவிட்டது. வாத்தியாரின் சொந்தக் கணக்குக்கு கேஒய்சி (அடையாள விவரம்) புதுப்பிக்கப் போனோம். அவர் முந்தைய இரவு முழுக்கத் திரௌபதி வேஷம் கட்டிவிட்டு நேராக வந்திருந்தார். பெண் வேஷக்காரர் என்பதால் சீசனில் மீசை கிடையாது. பாஸ்புக் போட்டோவில் முறுக்கிய மீசை. காதோரம் அரிதாரம் வேறு ஒட்டியிருந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீங்கதானா பெரியவரே? வேற ஆள் மாதிரி இருக்கே" என்றார். கைரேகை வைக்கச் சொன்னார்கள், மிருதங்கமும் தட்டித் தட்டித் தேய்ந்த விரல், பதியவில்லை. மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். தூக்கக் கலக்கத்தில் வாத்தியார் அந்த நாற்காலியிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டுமா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில், அங்கே நகைக்கடன் வாங்க வந்த ஒருவர்தான், "அண்ணே, எங்க ஊர் படுகளத்துல கூந்தல் முடிஞ்சது நீங்கதானே?" என்று கேட்டார். துரியோதனன் விழும் படுகளத்தன்று திரௌபதி கூந்தல் முடிவதைத்தான் சொன்னார். அதற்குப் பிறகு மரியாதை கொஞ்சம் கூடியது, கருவிழி வைத்துப் பதிந்து வேலை முடிந்தது. கைரேகை விழாவிட்டால் கருவிழி வைக்கலாம் என்பது முதலிலேயே தெரிந்ததுதானே என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு விண்ணப்பம் போனது, கேள்விகள் வந்தன, பதில் போட்டோம், ஒப்புதல் வந்தது.

இப்போது நடப்பது கணக்கு வைக்கும் வேலை. சிஷ்யர்களுக்குப் பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், கணக்கில் போடுங்கள். செலவுக்கான சான்றிதழ் கேட்பார்கள், ஆடிட்டரை இப்போதே பிடித்து வையுங்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு வேடிக்கை. கூத்து இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை முடிகிறது. பயிற்சி எந்தத் தேதியில் நடந்தது? ஆடிட்டர் இதைக் கேட்டு என்னைத் திணறடித்தார். தொடங்கிய தேதியையே போட்டு, ‘இரவு முழுவதும், களரியில்’ (கூத்து நடக்கும் இடத்தில்) என்று குறிப்பெழுதுகிறோம். அவரும் ஒப்புக்கொண்டார்.

காகித வேலை எல்லாவற்றையும் ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குக் கூத்து குறைவு, ஆட்கள் கையெழுத்துக்குக் கிடைப்பார்கள். பங்குனியில் பாரதக் கூத்து தொடங்கிவிட்டால் வாத்தியாரைப் பகலில் எழுப்புவதே பாவம்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. மிருதங்கத்துக்கும் ஹார்மோனியத்துக்கும் பையன்கள் வந்துவிட்டார்கள், முகவீணைக்கு (ஊதி வாசிக்கும் சின்னக் குழல்) இன்னும் ஆள் இல்லை. மூச்சுப் பிடிக்கத் தெரிந்த பையன் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஆதாரில் பிறந்த தேதி முழுசாக இருந்தால் இன்னும் நல்லது.