கவுண்ட் ஏறும் முன்பே ஆன்டிபயாடிக்கை நிறுத்தினார்கள்

அக்காவுக்கு வந்திருப்பது ரத்தப் புற்றுநோய், ஏ.எம்.எல். என்று தெரிவதற்கு முன்பே மூன்று வாரம் ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தது. காய்ச்சல் விடவில்லை என்று ஊர் கிளினிக்கில் ஒன்று மாற்றி ஒன்றாக எழுதித் தந்தார்கள். நாங்களும் "நல்ல பவர் மருந்தா குடுங்க சார்" என்றுதான் கேட்டோம்.

அப்புறம் சென்னையில் கீமோ. ஏழு நாள் ஒரு மருந்து. அதில் முதல் மூன்று நாள் சிவப்பாக இன்னொன்று. பத்தாம் நாள் கவுண்ட், அதாவது கிருமிகளோடு சண்டை போடும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, 500-க்குக் கீழே இறங்கிவிட்டது. "100.4 காட்டினா நடுராத்திரின்னாலும் எழுப்புங்க, நீங்களா டோலோ குடுத்துடாதீங்க" என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். நடுராத்திரியில்தான் வந்தது, 101. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க, மருந்து ஏற்றப் போட்டிருந்த பிக் லைன் குழாயில் ஒரு கல்ச்சர், கையில் ஒரு கல்ச்சர் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பிப்டாஸ் என்ற ஆன்டிபயாடிக் ஏறத் தொடங்கிவிட்டது. இதில் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

மறுநாளும் காய்ச்சல். பக்கத்துப் படுக்கைக்கு மூன்று மருந்து ஓடுகிறது, அக்காவுக்கு மட்டும் ஏன் ஒன்று என்று டூட்டி டாக்டரிடம் சண்டை போட்டேன். எங்கோ கேள்விப்பட்ட வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கை வேறு இழுத்தேன். பிபி நன்றாக இருக்கிறது, லைன் போட்ட இடம் சிவக்கவில்லை, காய்ச்சலுக்காக மட்டும் அதைச் சேர்த்தால் கிட்னிக்குத்தான் வம்பு என்றார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ஐந்தாம் நாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், "பிப்டாஸை நிறுத்திடலாம்" என்றார். கவுண்ட் அப்போது 100 கூட இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"கவுண்ட் ஏறுற வரைக்கும் போடலாமே சார்?"

"முன்னாடி அப்படித்தான் செஞ்சோம் தம்பி."

72 மணி நேரம் மருந்து போய், அதில் 48 மணி நேரமாவது காய்ச்சல் இல்லாமல், உடல்நிலையும் சீராக இருந்தால் கவுண்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று 2013-லேயே ஐரோப்பிய வழிகாட்டுதல் வந்துவிட்டதாம். ஸ்பெயினிலும் இதேபோல் சீக்கிரம் நிறுத்திப் பார்த்து 2017-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். அதெல்லாம் என் காதில் ஏறவில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் ஏறியது: குடலில் நல்ல கிருமிகள் செத்துப்போனால் மருந்துக்கு அடங்காதவைதான் மிஞ்சும். கீமோவால் குடல் புண்ணாகியிருக்கும்போது ரத்தத்துக்குள் நுழைவதும் அவைதான். "இன்னும் கீமோ பாக்கியிருக்கு. எல்லா மருந்தையும் இப்பவே காலி பண்ணிட்டா அப்போ என்னத்தைக் குடுக்கறது?"

அன்று இரவு மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வைத்தேன். "தூங்கவிடுடா" என்று அக்கா அதைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

நிறுத்திய நான்காம் நாள் காய்ச்சல் 100.8. எனக்குக் கோபம்தான் வந்தது. மறுபடி கல்ச்சர், மறுபடி பிப்டாஸ், நான்கு நாளில் மறுபடி நிறுத்தம். இந்த முறை நான் எதுவும் கேட்கவில்லை. கீமோ தொடங்கி இருபத்தேழாம் நாள் கவுண்ட் 500-ஐத் தாண்டியது. பழைய கணக்குப்படி அதுவரை விடாமல் ஓடியிருக்கும். அக்காவுக்கு ஓடியது மொத்தம் ஒன்பது நாள்.