வெள்ளை மூடி எத்தனை அங்குலம்? – ஒரு கலங்கல் தொட்டியின் நாட்குறிப்பு

ஜூன் 4, புதன்

காலையில் விளக்கைப் போட்டதும் மீன்தொட்டிக் கண்ணாடியில்தான் ஏதோ படிந்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். துணியில் ஒன்றும் வரவில்லை. தண்ணீரே கலங்கியிருந்தது. சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது போல வெள்ளை. நேற்று ராத்திரியே கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. விளக்கு பழசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கணக்குப்படி 680 லிட்டர். கல், மரக்கட்டை, மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக 600 நிற்கும். உள்ளே மூன்று ஆஸ்கார், ஆறு சில்வர் டாலர், இரண்டு சக்கர் மீன். முன்னால் நின்று பார்த்தால் இரண்டடிதானே, சமாளிக்கலாம் போலத் தோன்றுகிறது. பக்கத்துக் கண்ணாடியில் முகத்தை வைத்து நீளவாக்கில் பார்த்தால்தான் வண்டவாளம் தெரிகிறது. பெரிய ஆஸ்கார், பனிமூட்டத்தில் வரும் லாரி மாதிரி திடீரென்று மூக்கை நீட்டியது.

கலங்கல் கூடுகிறதா குறைகிறதா என்று கண்ணை நம்பிச் சொல்ல முடியாது. நம் ஆசைக்குத் தகுந்தபடி அது பொய் சொல்லும். 1865-ல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியலாளரும்கூட, கடலில் வெள்ளைத் தட்டை இறக்கி எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்தார். இன்றும் ஏரிகளில் தெளிவை அளக்க அந்த முறை இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு டப்பாவின் வெள்ளை மூடி. அதைக் குச்சி நுனியில் கட்டி, இடது கண்ணாடியிலிருந்து தள்ளிக்கொண்டே போய், மறையும் இடத்தை மேல் விளிம்பில் டேப் வைத்து அளந்தேன்.

மூடி: 14 அங்குலம். நல்ல நாளில் மறுகோடி வரை, 72-ம் தெரிய வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

நேற்று மாலை பாதித் தண்ணீரை மாற்றினேன். 300 லிட்டர். ராத்திரி 22 அங்குலம். முதுகுவலியோடு நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்ததும் 11.

கோபத்தை அடக்கிக்கொண்டு, முதலில் செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். வெள்ளை வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பார்த்தேன். பச்சை சாயல் இல்லை, ஆகவே பாசி இல்லை. மரக்கட்டையிலிருந்து இறங்கும் பழுப்பும் இல்லை. மிச்சம் இரண்டுதான்: கல்லிலிருந்து கிளம்பிய தூசி, இல்லையென்றால் பாக்டீரியா. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, அசையாத இடத்தில் மூடி வைத்திருக்கிறேன். தூசியாக இருந்தால் காலைக்குள் பெருமளவு அடியில் தங்கிவிடும்.

ஜூன் 6, வெள்ளி

டம்ளரின் அடியில் ஒன்றும் இல்லை. தண்ணீர் நேற்று இருந்த அதே வெள்ளை. பாக்டீரியாதான்.

டெஸ்ட் கிட், லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்: அம்மோனியா 0.5, நைட்ரைட் 0.25, நைட்ரேட் 20. பிஹெச் 7.6. முதல் இரண்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டியவை. இரண்டு வருஷமாக ஓடும் தொட்டியில் அம்மோனியா என்றால் ஃபில்டர் செத்துவிட்டது என்று பொருள்.

எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். கொன்றது நான்தான். ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் கேனிஸ்டரை, அதாவது ஃபில்டர் டப்பாவை, பிரித்து, ஸ்பான்ச், செராமிக் ரிங் எல்லாவற்றையும் குழாயடியில் வைத்து, புதுசு மாதிரி வெள்ளையாகும்வரை அலசினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின். கிருமியைக் கொல்லத்தான் அதைப் போடுகிறார்கள். என் ஃபில்டரில் குடியிருந்தவை மட்டும் அதற்கு விதிவிலக்கா என்ன? அந்தப் பழுப்பு வழவழப்பைத்தான் நான் அழுக்கு என்று நினைத்தேன். அதுதான் ஃபில்டர். மற்றதெல்லாம் பிளாஸ்டிக். போதாததற்கு அன்றே அடியிலிருக்கும் பொடிக்கல்லையும் கிளறி, பெரிய கற்களின் இடத்தையும் மாற்றினேன்.

கழிவைத் தின்று பெருகும் பாக்டீரியா, தோதான நிலையில் ஒரு மணிக்குள்ளேயே இரட்டிக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறவை மந்தமானவை. இரட்டிக்க அரை நாள், ஒரு நாள் என்று இழுக்கும். (என் பழைய புத்தகம் இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் செய்வதாகச் சொல்கிறது. நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-லேயே டிமோத்தி ஹோவனெக் குழு காட்டிவிட்டது. புத்தகம் திருந்தவில்லை.) இடம் காலியானதும் வேகமானது புகுந்துகொண்டது.

புதன்கிழமை கூத்தும் இப்போது புரிகிறது. பாதித் தண்ணீரை இறைத்தால் மிதக்கும் பாக்டீரியாவில் பாதி போகும். மீதி ஒரே ஒரு தடவை இரட்டித்தால் போதும், பழைய கணக்குக்கு வந்துவிடும். முதுகு ஒடிய நான் செய்தது சில மணி நேரத்து வேலையை அழித்தது, அவ்வளவுதான்.

மூடி: 10.

ஜூன் 7, சனி

இன்று இரண்டாவது முட்டாள்தனம். தண்ணீரைத் தெளிய வைக்கும் திரவம் ஒன்று அலமாரியில் கிடந்தது. மிதக்கும் துகள்களை ஒட்டிக் கட்டியாக்கி, ஃபில்டரில் மாட்ட வைக்கும் சரக்கு. பாக்டீரியா ஒன்று ஒரு மைக்ரான் அளவுதான். தனியாகப் போனால் பஞ்சு அதைப் பிடிக்காது, ஒட்டிக்கொண்டு போனால் பிடிக்கும். யோசனை சரிதான். குறித்திருந்த அளவுக்கு ஒன்றரை மடங்கு ஊற்றினேன். அந்த அரை மடங்கு என் சொந்தச் சரக்கு.

ராத்திரி 11 மணிக்கு 31 அங்குலம்! அப்பாவை எழுப்பிக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஐந்தரை மணிக்கு ஒரு சத்தம் எழுப்பியது. சப், சப் என்று, யாரோ உதட்டைச் சப்புகிற மாதிரி. மூன்று ஆஸ்காரும் மேல்மட்டத்தில் வாயை வைத்துக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. செவுள் மூடி படபடவென்று அடிக்கிறது. சக்கர் ஒன்று கண்ணாடியில் ஏறி, வாய் வெளியே தெரிய ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபில்டர் வெளிக்குழாயில் விரல் வைத்தேன். நூல் மாதிரி வந்தது தண்ணீர். திரவம் திரட்டிய கட்டியெல்லாம் பஞ்சை அடைத்து ஓட்டத்தை நிறுத்தியிருக்கிறது.

28 டிகிரித் தண்ணீரில், நன்றாகக் கலக்கினாலே, லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கீழேதான் ஆக்ஸிஜன் கரையும். கோடிக்கணக்கான பாக்டீரியா ராத்திரி முழுக்க அதைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தது. கலங்கல் மீனைக் கொல்லாது என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். கலக்குகிறவை மூச்சு விடுகின்றன என்பதை மறந்துவிட்டுச் சொல்கிறார்கள்.

அடைத்த பஞ்சை உருவி எறிந்தேன். நாலு அங்குலம் தண்ணீரை இறக்கினேன், வெளிக்குழாய்த் தண்ணீர் மேலிருந்து சளசளவென்று விழட்டும் என்று. ஏர் பம்ப் இரண்டையும் போட்டேன். இருபது நிமிஷத்தில் சில்வர் டாலர்கள் கீழே போயின. ஆஸ்கார்கள் ஏழு மணிக்கு. நான் எட்டரைக்குத்தான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன். எனக்கு முன்னாலிருந்தே மீன் வளர்ப்பவள்.

"மருந்து ஊத்துனியா?"

"கொஞ்சம்தான்க்கா."

"உன் கொஞ்சம் எனக்குத் தெரியாதா. முதல்ல தொட்டிக்குள்ள இருந்து கையை எடுடா. தீனியை நிறுத்து. அது எதைத் தின்னு பெருகுதுன்னு பாரு."

மூடி அளக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

தீனி நிறுத்தி இரண்டாம் நாள். வளர்ந்த ஆஸ்கார் ஒரு வாரம் பட்டினி தாங்கும். ஆனால் முகத்தை அப்படி வைத்துக்கொள்ளத் தெரிந்த மீன் வேறில்லை.

யூவி விளக்கு வாங்கலாமா என்று யோசித்தேன், வேண்டாமென்று விட்டேன். மிதப்பவற்றைக் கொல்லும், இரண்டு மூன்று நாளில் தெளிவும் வரும். ஆனால் தின்னக் கிடைப்பது அங்கேயே இருக்கும். விளக்கை அணைத்த மறுநாள் மறுபடி ஆரம்பம்.

மூடி: 12. அம்மோனியா 0.5-லேயே நிற்கிறது. பட்டினி போட்டும் இறங்கவில்லையென்றால், உள்ளே எங்கோ ஏதோ அழுகுகிறது. மீன்களை எண்ணினேன். எல்லாம் இருக்கின்றன.

ஜூன் 10, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

போன வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, ஜூன் 1 அன்று, கழுவிய ஃபில்டரைத் திரும்ப மாட்டியபோது வெளிக்குழாயின் வாயை முன்பக்கம் பார்க்கத் திருப்பியிருந்தேன். அதனால் பின்னால், வலது மூலையில், பெரிய கல்லுக்குப் பின்புறம் தண்ணீர் அசையவே இல்லை. கல்லை நகர்த்தினேன். அழுகிய முட்டை நாற்றம் கையோடு மேலே வந்தது. ஊறி, உப்பி, வெள்ளை நூல் படர்ந்த பெல்லட்டுகள் ஒரு குவியல். அமுக்கினால் விரலுக்கிடையில் சேறாகப் பிதுங்குகிறது. சைஃபன் வைத்து உறிஞ்சியதில் ஒரு வாளியும் இன்னொன்றில் பாதியும்.

இவ்வளவு தீனி நான் போடவே இல்லையே என்று வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அப்பா வந்தார்.

"அப்பா, நீங்க மீனுக்குத் தீனி போட்டீங்களா?"

"மத்தியானம் ஒரு கை. நீ வேலைக்குப் போயிடுறே, அது பாவம் கண்ணாடிகிட்ட வந்து நின்னு பாக்குதுடா."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். நேத்துகூட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

பட்டினி எந்த லட்சணத்தில் நடந்திருக்கிறது என்று தெரிந்தது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இரண்டு மாசம் அந்த ஒரு கையையும் சேர்த்துச் சமாளித்த ஃபில்டரைத்தான் நான் குழாயடியில் கழுவினேன்.

குழாயைப் பின்சுவர் பார்க்கத் திருப்பினேன். மூலையில் தூசி சுழன்று வெளியேறுவது கண்ணுக்கே தெரிந்தது. 60 லிட்டர் மட்டும் மாற்றினேன். நேராகத் தொட்டியில் ஊற்றுவதால் குளோரின் நீக்கியை முழுத் தொட்டி அளவுக்குப் போட்டேன்.

ஜூன் 11, புதன்

அக்கா வந்தாள், பிளாஸ்டிக் பையில் தன் பழைய ஸ்பான்ச் இரண்டு. காயாமல் தொட்டித் தண்ணீரோடு கொண்டு வந்திருந்தாள். பல வருஷமாக நோய் இல்லாத தொட்டி, அதனால் பயமில்லை. ஒன்றை அப்படியே கேனிஸ்டரில் வைத்தோம். இன்னொன்றை உள்குழாய் பக்கத்தில் பிடித்துப் பிழிந்தாள். காபித்தூள் நிறத்தில் ஒரு மேகம் கிளம்பி, மெல்ல ஃபில்டருக்குள் போயிற்று.

அப்பாவால் தாங்க முடியவில்லை. "தெளிய வைக்கிறேன்னுட்டு சேத்தை ஊத்துறீங்களே!"

"இதுதாம்ப்பா மருந்து," என்றாள் அக்கா. என்னைப் பார்த்து, "கழுவிடாதே," என்றாள்.

மூடி: 9. இதுவரை இதுதான் மோசம், ஆனால் முதல்முறையாகக் கவலை இல்லை.

ஜூன் 13, வெள்ளி

அம்மோனியா 0.25. நைட்ரைட் 0.5-க்கு ஏறியிருக்கிறது. முதல் கூட்டம் வேலைக்கு வந்துவிட்டது, இரண்டாவது இன்னும் வரவில்லை. நைட்ரைட் ரத்தத்தில் ஏறினால் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைச் சுமக்காது, ரத்தம் பழுப்பாகும். செவுளில் நைட்ரைட் நுழையும் அதே வழியில்தான் குளோரைடும் நுழையும், அதனால் உப்பு போட்டால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. 600 கிராம், லிட்டருக்கு ஒன்று. தனி வாளியில் கரைத்து, மூன்று தவணையாக.

மூடி: 19.

ஜூன் 15, ஞாயிறு

34. மருந்து இல்லை, பெரிய மாற்றம் இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை 60 லிட்டர், அவ்வளவுதான். என் கை எட்டவில்லை, குச்சியை அப்பா பிடித்தார். "இப்போ? இப்போ?" என்று கேட்டுக்கொண்டே நகர்த்தினார்.

ஜூன் 17, செவ்வாய்

57. அம்மோனியா பூஜ்ஜியம். நைட்ரைட் 0.25.

தீனி மறுபடி ஆரம்பம். ஒரு வேளை, ஒரு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு. மத்தியானப் பொறுப்பை அப்பாவிடமே கொடுத்துவிட்டேன், நான் போடுவதில்லை. எண்ணிப் போடுகிறார். ஆஸ்காருக்கு ஆளுக்கு நாலு என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறார்.

ஜூன் 19, வியாழன்

நைட்ரைட்டும் பூஜ்ஜியம். தண்ணீர் தெளிந்ததும் கண்ணில் படுவது அழகல்ல, பின்கண்ணாடியில் பழைய கீறல்கள், குழாய் மேல் பாசி. நீளவாக்கில் பார்த்தால் ஆறடி நாலரை அடியாகத் தெரிகிறது. அது ஒளிவிலகல் செய்யும் வேலை, தெளிவுக்குச் சம்பந்தமில்லை.

நேற்றே மூடியைக் குச்சியிலிருந்து எடுத்து வலது கோடிக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தேன். இன்று காலை அளக்கக் குனிந்தால் அங்கே இல்லை. பெரிய ஆஸ்கார் முட்டித் தள்ளியிருக்கிறது. வலது மூலையில், கல்லுக்குப் பக்கத்தில், கவிழ்ந்து கிடக்கிறது. அதன் விளிம்பில் இருக்கும் வரிகளை இடது கண்ணாடியிலிருந்தே எண்ணலாம்.