சித்தப்பாவின் கட்டைவிரலுக்கு ஏற்ற ரிவால்வர்

சித்தப்பாவுக்கு அம்மாப்பேட்டைப் பக்கம் நெல் வியாபாரம். சம்பா அறுவடை சமயத்தில் களத்திலேயே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். வங்கி மூலம் அனுப்பித் தொலைத்தால் துப்பாக்கியே வேண்டாமே என்றால், "விக்கிறவன் ரொக்கம் கேக்குறானேப்பா" என்பார். வீட்டில் இருக்கும் இரட்டைக்குழல் நீளத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போக முடியாது என்று கைத்துப்பாக்கிக்கு மனுப் போட்டு, போலீஸ் விசாரணையெல்லாம் முடிந்து லைசென்ஸும் வாங்கிவிட்டார். நான் ராணுவத்தில் ஆயுதங்களைப் பராமரித்துப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன். எதை வாங்குவது என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சிக்கல் அவர் கையில். மூட்டுவாதம். வலது கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கி நிற்கிறது. பாக்குவெட்டியை அழுத்த முடியாமல் இப்போது சித்திதான் பாக்கைச் சீவித் தருகிறார்.

திருச்சியில் கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே நிர்பீக்கைக் காட்டினார். 2014-ல் பெண்களுக்கென்று கான்பூரில் தயாரித்து விட்ட .32 (தோட்டா அளவு) ரிவால்வர், அரை கிலோ எடை. "வயசானவங்களுக்கு லேசா இருக்கணும் சார்." எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். லேசாக இருப்பது இடுப்புக்குச் சுகம், கைக்கு அல்ல. ஒரே தோட்டாவை லேசான துப்பாக்கியில் சுட்டால் உதை அதிகம். அந்த உதை போய் விழுவது அதே அடிமூட்டில். போதாக்குறைக்கு இது நடுவில் மடித்துத் திறக்கும் ரகம். பிடியை ஒரு கையிலும் குழலை இன்னொரு கையிலும் பிடித்து வளைக்க வேண்டும். சித்தப்பா முக்கி முனகித்தான் திறந்தார்.

டல்லாஸில் இருக்கும் மாப்பிள்ளை பிஸ்டல்தான் நல்லது என்று போனில் ஒரே பிடியாக நின்றார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-ல் கொண்டுவந்த ஷீல்டு ஈசி, ஸ்லைடை, அதாவது தோட்டா ஏற்றப் பின்னுக்கு இழுக்கும் மேல்பாகத்தை, எளிதாக இழுப்பதற்கென்றே செய்தது. நல்ல சரக்குதான், ஆனால் நம் ஊர்க் கடையில் அது ஏது? இங்கே கிடைப்பது .32 அசானி பிஸ்டல். அதில் சுடும்போது ஸ்லைடைப் பிடித்து வைப்பது அதன் எடையும் ஸ்பிரிங்கும் மட்டும்தான். அதனால் ஸ்பிரிங் விறைப்பாகத்தான் இருக்கும். ஸ்லைடை முழுக் கையால் பற்றிக்கொண்டு பிடியை முன்னால் தள்ளச் சொல்லிக்கொடுத்தேன். வந்தது. அடுத்த தடவை பாதியிலேயே நின்றுவிட்டது. ஆபத்து நேரத்தில் பாதியில் நிற்பது எதற்கு ஆகும்?

அப்புறம் 'பிரபல்' என்ற ரிவால்வரை எடுக்கச் சொன்னேன். 2023-ல் வந்த .32 ரிவால்வர், கிட்டத்தட்ட 700 கிராம். தோட்டா போடும் உருளையான சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும், வளைத்து ஒடிக்க வேண்டியதில்லை. சுட்ட கூடுகளை உள்ளங்கையால் தட்டி வெளியேற்றலாம். காலி என்று நானும் பார்த்து அவரையும் பார்க்கச் சொல்லிவிட்டு, டம்மி தோட்டா போட்டுச் சுவரைப் பார்த்து இழுக்கச் சொன்னேன். முதல் இழுப்பில் குழல் நேராக நின்றது. இழுக்க இழுக்க நுனி இடப்பக்கம் கீழே சரிந்தது. விரல் பலம் போதாமல் மொத்தக் கையும் சேர்ந்து இறுக்கினால் அப்படித்தான் ஆகும். இந்த மாதிரி ரிவால்வர்களில் ட்ரிகரை நேராக இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் விசை வேண்டியிருப்பது சகஜம். தோட்டாவைச் சுட வைக்கும் சுத்தியலான ஹாமரை முதலில் பின்னுக்கு இழுத்துவிட்டால் அதில் பாதிகூட வேண்டாம். அவருக்கு இடது கட்டைவிரல் நன்றாக இருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்து, இடது கட்டைவிரலால் ஹாமரை இழுக்கச் சொன்னேன். நுனி அசையவில்லை.

ஆனால் இதில் ஒரு வினை உண்டு. பின்னுக்கு இழுத்து ஏற்றிய ஹாமரைச் சுடாமல் இறக்குவது. பலமில்லாத கட்டைவிரலில் வழுக்கினால் வெடித்துவிடும். சுடப்போகும் நொடிவரை ஏற்றக்கூடாது. இறக்குவதானால் குழலைத் தரையைப் பார்த்து வைத்து, இடது கட்டைவிரலை ஹாமருக்கு முன்னால் கொடுத்து இறக்க வேண்டும். டம்மி தோட்டாவோடு இதைத்தான் அவரை அதிகம் செய்யவைத்தேன். சலித்துப்போய், "இதுக்கு அந்த ரெட்டைக்குழலே தேவலாம்டா" என்றார்.

வாங்கியாயிற்று. எதில் வைப்பது என்பதில்தான் சண்டை. வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட் பையில், வெற்றிலைப்பொட்டலத்தோடு செருகிக்கொள்வதாகச் சொன்னார். கூடவே கூடாது. ட்ரிகரை மூடிய உறையில்தான் இருக்க வேண்டும். பொது இடத்தில் உறையில் போட்டு, வெளியே தெரியாமல் முழுக்க மறைத்து வைக்க வேண்டும் என்பது 2016 ஆயுத விதிகளிலும் இருக்கிறது. தஞ்சாவூரில் ஒரு தோல் வேலைக்காரரிடம் அதே பச்சை பெல்ட்டில் கோக்கிற மாதிரி உறை தைக்கக் கொடுத்திருக்கிறேன். மேலே தொளதொளவென்று ஜிப்பா. வெற்றிலைக்கு வேறு பை பார்த்துக்கொள்ளட்டும்.