மன்னிப்புக் காட்சி ஏன் ஒட்டவில்லை?

வாழ்க்கையில் அடிபட்ட இருவர் மெல்ல நெருங்கும் இருண்ட படம் ஒன்றின் ரஃப் கட்டை, அதாவது முதல்கட்ட எடிட்டைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கடைசி அரை மணி நேரத்தைத்தான் குறை சொல்வார்கள். "மன்னிப்புக் காட்சி ஒட்டவே இல்லை." உடனே அந்தக் காட்சியை வெட்டி வெட்டிப் பார்ப்பது வீண் வேலை. கோளாறு அநேகமாக முதல் பாதியில் இருக்கும். இருவரும் சீக்கிரமே ஒரே ஃபிரேமில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

எனவே முதலில் டூ ஷாட்களை, அதாவது இருவரும் ஒரே ஃபிரேமில் தெரியும் ஷாட்களை, கணக்கெடுக்க வேண்டும். தொடக்கத்தில் தனித்தனி குளோசப், எதிராளியின் தோள்கூடத் தெரியக்கூடாது. கொஞ்சம் பழகியபின் தோள் வழியாக எடுத்த ஷாட்கள். இருவரும் சேர்ந்து தெரியும் ஷாட் பாதிப் படத்துக்குப் பிறகு வந்தால்தான் அதற்கு மதிப்பு. படப்பிடிப்பில் தனி குளோசப் எடுக்காமல் விட்டிருந்தால், ஷாட்டைப் பெரிதாக்கி ஒருவரை வெளியே தள்ளலாம். 4கே தெளிவில் எடுத்து, அதில் பாதி அகலமுள்ள 2கே-யில் வெளியிடும் படம் இரண்டு மடங்கு வரை தாங்கும். ஆனால் இருட்டில் எடுத்த காட்சியென்றால் நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்பு, காட்டிக்கொடுத்துவிடும்.

நெருக்கம் தெரிவது கேட்பவர் முகத்தில். வசனம் முடிவதற்கு 10, 12 ஃபிரேம் முன்பே, அதாவது ஏறக்குறைய அரை வினாடி முன்பே, கேட்பவருக்கு கட் செய்தால் கடைசிச் சொல் அவர் முகத்தின் மேல் விழும். ஒவ்வொரு வசனத்துக்கும் இதையே செய்தால் பார்ப்பவர் அடுத்த கட் எப்போது என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார்; முக்கியமான இரண்டு மூன்று இடங்களுக்குச் சேமித்து வைப்பது நல்லது.

அழுகையில் இன்னொரு சிக்கல். நடிகர் கொட்டி அழுத டேக்கைத்தான் எல்லோரும் கேட்பார்கள். அடக்கிக்கொண்ட டேக் பெரும்பாலும் அதைவிட வலுவானது. இரண்டையும் கலந்தால் ஒரு ஷாட்டில் கன்னம் ஈரம், அடுத்ததில் காய்ந்திருக்கும்.

அமைதி என்றால் ஒலித்தடத்தை வெறுமையாக விடுவதல்ல. அப்படி விட்டால் ஸ்பீக்கர் பழுது என்று நினைப்பார்கள். ஒவ்வொரு லொகேஷனிலும் ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் ஒலி, பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வசனங்களுக்கு இடையே கிடைக்கும் துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டி லூப் செய்ய நேரும், அது காதில் மாட்டும்.

சோகமான டெம்ப் மியூசிக்கை, அதாவது தற்காலிகமாக வைக்கும் இசையை, போட்டு எடிட் செய்வதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். இசை தாங்குகிறதே என்று ஷாட்கள் நீண்டுபோகும். அதை எடுத்தவுடன் காட்சி தொங்கும். நீளம் குறைக்க உட்காரும்போது முதலில் பலியாவது சின்னச் சின்ன நகைச்சுவை. அதில் கை வைக்காதீர்கள், சிரிப்பே இல்லாத துயரம் ஒரு மணி நேரத்தில் மரத்துப்போகும்.