350 சதுர அடியில் நான்கு பேர்

சென்னை மந்தைவெளியில் எங்கள் வீட்டின் உட்பரப்பு 350 சதுர அடி. அதில் நானும் என் மனைவியும், பத்தாம் வகுப்பு படிக்கும் மகனும், எழுபது வயதைக் கடந்த என் அம்மாவும் வசிக்கிறோம். வண்டலூரைத் தாண்டிப் போயிருந்தால் இதே விலைக்கு இதைப் போல இரண்டு மடங்கு வீடு கிடைத்திருக்கும் என்று உறவினர்கள் இன்றும் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் அறைகளுக்கான விலையை நாங்கள் நாள்தோறும் ரயிலிலும் பேருந்திலும் மணிக்கணக்கில் செலுத்தியிருப்போம் என்பதும் உண்மை. இந்தச் சிறிய வீட்டில் நாங்கள் நெருக்கடியாக உணர்வதில்லை. வந்து பார்ப்பவர்களும் அதைச் சொல்கிறார்கள். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

கூடம் 14 அடிக்கு 10 அடி, படுக்கையறை 10 அடிக்கு 10 அடி, சமையலறை 8 அடிக்கு 7 அடி, குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்து 8 அடிக்கு 4 அடி. மீதி நடைவழி. சிறிய பால்கனி ஒன்று உண்டு. அது இந்தக் கணக்கில் சேராது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் ‘கார்பெட் ஏரியா’ என்று வரையறுப்பதும் ஏறத்தாழ இதைத்தான்: வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி ஆகியவற்றை விட்டுவிட்டு, வீட்டுக்குள் நாம் புழங்கக்கூடிய தரை. சிறிய வீடு வாங்க நினைப்பவர்கள் விளம்பரத்தில் உள்ள பரப்பை மறந்துவிட்டு, அளவு நாடாவுடன் போய் இந்த ஒரு கணக்கை மட்டும் எடுத்துவர வேண்டும் என்பது என் கருத்து. தேசியக் கட்டட விதித் தொகுப்பின்படி, இரண்டு அறைகள் உள்ள வீட்டில் ஓர் அறை 9.5 சதுர மீட்டருக்கும் மற்றோர் அறை 7.5 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது. அதாவது ஏறத்தாழ 102 சதுர அடியும் 81 சதுர அடியும். எங்கள் கூடமும் அறையும் இந்த அளவுகளைக் கடந்தவை. ஆகவே அந்தத் தொகுப்பின் பார்வையில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. வசதியா, நெருக்கடியா என்பதை முடிவு செய்வது அந்தத் தரையில் நாங்கள் எதை நிற்க வைக்கிறோம் என்பதுதான்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 100 சதுர அடி அறையில் 5 அடிக்கு ஆறரை அடி இரட்டைக் கட்டில் ஒன்றைப் போட்டால் முப்பத்திரண்டரை சதுர அடி போய்விடும். அதாவது அறையில் மூன்றில் ஒரு பங்கு. பீரோவையும், அதன் கதவைத் திறப்பதற்கு விட வேண்டிய இடத்தையும் சேர்த்தால் இன்னும் ஒரு பத்து சதுர அடி. மிஞ்சுவது கட்டிலைச் சுற்றி நடக்கும் வழி மட்டுமே. அந்தக் கட்டிலில் நாம் படுப்பது ஏழு, எட்டு மணி நேரம். மற்ற பதினாறு மணி நேரமும் அது யாருக்கும் பயனின்றித் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். கூடத்தில் மூவர் அமரும் சோபா ஏறத்தாழ இருபது சதுர அடி எடுக்கும். நால்வர் சாப்பிடும் மேசையையும், நாற்காலிகளைப் பின்னால் இழுக்கத் தேவைப்படும் இடத்தையும் சேர்த்தால் நாற்பது. பெரிய வீட்டில் இந்த இழப்பு தெரியாது. சிறிய வீட்டில் ஒரு பொருளின் நீள அகலத்தோடு, அது நாளில் எத்தனை மணி நேரம் பயன்படுகிறது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

எனவே எங்கள் வீட்டில் படுக்கைகள் காலையில் எழுந்து போய்விடும். எங்கள் மூவருக்கும் கோரைப்பாயும், மேலே விரிக்கும் மெல்லிய இலவம்பஞ்சு மெத்தையும்தான் படுக்கை. பாய்கள் தாமிரபரணிக் கோரையில் நெய்த பத்தமடைப் பாய்கள். வெயில் காலத்தில் மெத்தையை விட்டுவிட்டு அவற்றில் மட்டும் படுப்பது தனிச் சுகம். காலையில் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால் அந்த அறை என் மனைவியின் வேலை அறையாகவும், மாலையில் மகனின் படிப்பறையாகவும் ஆகிவிடுகிறது. நம் தாத்தா பாட்டிமார் பெரும்பாலும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். ஒரே கூடத்தில் சாப்பிட்டு, கதை பேசி, கல்யாணம் நடத்தி, இரவில் அங்கேயே பாய் விரித்தார்கள். அறைக்கு ஒரு வேலை என்று பிரித்ததும், ஒவ்வொரு வேலைக்கும் கனமான மரச்சாமான் ஒன்றை வாங்கியதும் பின்னால் வந்த பழக்கங்கள்.

அம்மாவால் தரையில் அமர்ந்து எழ முடியாது. அவருக்காக இரண்டரை அடி அகலத்தில் ஒரு கட்டில், கூடத்தின் உட்சுவரை ஒட்டி நிரந்தரமாக இருக்கிறது. பகலில் மடித்த போர்வை ஒன்றை அதன் மேல் விரித்துவிட்டால் வருகிறவர்கள் அமரும் இருக்கை அதுவே. ஜன்னலுக்குக் கீழே ஒன்றரை அடி அகலத்தில் கடப்பைக் கல்லைச் சுவரில் பதித்துத் திண்ணை போல ஒன்று கட்டினோம். அதன் அடியில் புத்தகங்களும் செருப்பும் போக, மகனின் கிரிக்கெட் மட்டையும் தங்குகிறது. இருக்கைகளைக் கட்டடத்தோடு சேர்த்தே கட்டிவிடும் இந்த யோசனையை நான் லாரி பேக்கரின் வீடுகளைப் பார்த்துக் கற்றேன். இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர், தேவையற்ற ஒரு செங்கல்லைக்கூட வைக்க மனமில்லாதவர். வீட்டைப் பற்றி யோசிக்கும் எவரும் அவருடைய கட்டடங்களில் ஒன்றையாவது நேரில் பார்க்க வேண்டும்.

சமையலறை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடப்பைக் கல் தட்டுகள், கைக்கெட்டும் உயரம் வரை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குப் பாத்திரங்கள், அஞ்சறைப் பெட்டி, மேசை கிரைண்டர், 190 லிட்டர் குளிர்சாதனப் பெட்டி. மார்க்கெட் நடந்து போகும் தொலைவில் இருப்பதால் காய்கறிகளை இரண்டு நாளைக்கு மேல் சேர்த்து வைப்பதில்லை. அரிசியும் 25 கிலோ மூட்டையாக வாங்குவதில்லை, பத்துப் பத்துக் கிலோவாகத்தான். சேமித்து வைக்க இடம் இல்லாததால் வீணாவதும் மிகக் குறைவு.

தரைக்கு அடுத்தபடியாக, என்னைக் கேட்டால் தரைக்கும் முன்பாக, நான் கவனிக்கச் சொல்வது காற்று. சென்னைக் கோடையில் மேற்கிலிருந்து வீசும் வெப்பக் காற்று வலுவாக இருந்தால் கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும். அத்தகைய நாட்களில்தான் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கடல்காற்று நண்பகலை ஒட்டி வந்துவிட்டால் மாலையில் கடற்கரைப் பக்கத்து வீடுகள் தணிந்துவிடும். ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் காற்று உள்ளே வந்துவிடாது. அது வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜன்னல் வரை வந்து அப்படியே விலகிப் போய்விடும். எங்கள் கூடத்து ஜன்னல் கிழக்கே, சமையலறை ஜன்னல் மேற்கே. இரண்டுக்கும் நடுவில் உயரமான அலமாரி எதையும் வைக்கக் கூடாது என்பது வீட்டில் எவரும் மீறாத விதி. கதவுகளுக்கு மேலே பழைய பாணியில் வெண்டிலேட்டர்கள் இருக்கின்றன. குடிவந்தபோது அவற்றைக் கண்ணாடி போட்டு அடைத்து வைத்திருந்தார்கள். கண்ணாடியை எடுத்துவிட்டுக் கொசுவலை அடித்தோம். மேலே சேரும் சூடான காற்று அந்த வழியாக வெளியேறுவதால், அறைக்கதவைச் சாத்தியிருக்கும்போதும் புழுக்கம் குறைவு. எங்களுடையது கடைசி மாடி என்பதால், அக்கம்பக்கத்துக் குடித்தனங்களின் ஒப்புதலோடு மொட்டைமாடித் தட்டோடுகளின் மேல் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சும் அடித்தோம். முன்பெல்லாம் இரவு ஒன்பது மணிக்கும் கூரை கனன்றுகொண்டிருக்கும். இப்போது மே மாதத்தில்கூட அம்மா நிம்மதியாகத் தூங்குகிறார்.

வீட்டில் ஏ.சி. இல்லை, மூன்று மின்விசிறிகள்தாம். பழைய விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள புதிய விசிறிக்கு 30 வாட் போதும். மூன்று விசிறிகள் நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் பழையவற்றுக்கு ஏறத்தாழ 200 யூனிட், புதியவற்றுக்கு 80 யூனிட். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வித்தியாசம் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

எளிமையாக இருப்பது என்றால் பண்டிகையையும் உறவையும் குறைத்துக்கொள்வது என்று சிலர் எண்ணுகிறார்கள். எங்கள் வீட்டில் நவராத்திரிக்குக் கொலு உண்டு. கம்பளிகளும் குளிர்காலத் துணிகளும் இருக்கும் இரண்டு இரும்பு டிரங்குப் பெட்டிகளைக் கூடத்தில் கொண்டுவந்து போட்டு, அவற்றின் மேல் பலகைகளை ஏற்றி மூன்று படி கட்டுவோம். பொம்மைகள் அதுவரை பரணில் இருக்கும். மயிலாப்பூர் மாடவீதிக் கடைகளில் ஆண்டுக்கு ஒரு பொம்மை வாங்குவது அம்மாவின் வழக்கம். பரணில் இடம் முடிந்த பிறகு, புதிதாக ஒன்று வந்தால் பழையதில் ஒன்று உறவுக்காரப் பெண்ணுக்குப் போகும். அம்மாவுக்கு இதில் வருத்தம் இல்லை. தன் பொம்மைகள் எந்தெந்த வீட்டுக் கொலுவில் நிற்கின்றன என்பதை வரிசையாகச் சொல்லுவார்.

வீட்டில் இல்லாத அறைகள் ஊரில் இருக்கின்றன. பறக்கும் ரயிலில் மந்தைவெளியிலிருந்து இரண்டாவது நிலையம் கோட்டூர்புரம். 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் அங்கேதான் இருக்கிறது. தேர்வுக் காலத்தில் மகனும் அவன் நண்பர்களும் விடுமுறை நாட்களை அங்கே கழிக்கிறார்கள். அம்மாவுக்கு லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்கா. எங்களுக்குச் சாந்தோம் கடற்கரை. இவை நடையாகவோ சில நிமிடப் பயணத்திலோ கிடைப்பதால்தான் 350 சதுர அடி போதுமானதாக இருக்கிறது. இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களும் சிறிய வீடுகளில்தான் வாழ்கின்றன. ஆனால் அவர்கள் வேலையை விட்டும் பிள்ளைகளின் பழைய பள்ளியை விட்டும் வெகுதூரம் கொண்டுபோய் விடப்பட்டவர்கள். சிறிய வீட்டின் பெருமையைப் பேசும் எவரும் அவர்களுடைய நிலையை எங்களுடையதோடு ஒன்றாக்கிவிடக் கூடாது. நாங்கள் தேர்ந்தெடுத்தோம், அவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை தரப்படவில்லை. வீட்டின் அளவைத் தீர்மானிக்கும் அதிகாரிகள், அந்த வீட்டிலிருந்து நடந்து போகக்கூடியவை எவை என்பதையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

சிரமங்களும் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நால்வரின் துணிகள் காய இடமில்லை. பால்கனிக் கூரையில் கப்பி வைத்து ஏற்றி இறக்கும் கொடி கட்டியிருக்கிறோம். அடைமழை நாட்களில் அதுவும் போதாது, இரவில் கூடத்து விசிறிக்குக் கீழேயும் ஒரு கொடி வந்துவிடும். அதைவிடக் கடினமானது ஓசை. மிக்சியும் தொலைக்காட்சியும் கைபேசிப் பேச்சும் எந்த அறையிலிருந்தாலும் எல்லாருக்கும் கேட்கும். ஆகவே மாலை ஆறு முதல் எட்டு வரை மிக்சி கிடையாது, நீண்ட தொலைபேசிப் பேச்சுகளுக்கு மொட்டைமாடி, அம்மாவின் தொடர்களுக்குக் காதில் மாட்டும் கருவி என்று பேசி வைத்துக்கொண்டோம். கணவனும் மனைவியும் தனியாக ஒரு விஷயத்தைப் பேசவும் மாடிக்குத்தான் போக வேண்டும். பெரியவர்களுக்கு இது பழகிவிடும். வளரும் பிள்ளைக்குத் தனியிடம் தேவை என்பதை நாங்கள் மறுக்கவில்லை.

அடுத்த ஆண்டு மகன் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறான். படுக்கையறையை அவனுக்கு விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் கூடத்தில் அம்மாவின் கட்டிலுக்கு அருகே படுத்துக்கொள்வது என்று தீர்மானித்திருக்கிறோம். சுவரில் கீல் வைத்து மடிக்கும் மேசை ஒன்றுக்கு மந்தைவெளியிலேயே ஒரு தச்சரிடம் சொல்லியாயிற்று. மூன்றடிக்கு ஒன்றரை அடி போதும் என்றார். படம் வரையும் அட்டையையும் வைக்க வேண்டும் என்பதால் இரண்டடி அகலம் வேண்டும் என்று மகன் கேட்டிருக்கிறான்.