ஆரணி அட்டையும் ரம்புத்தானும்

அப்பா தறியை விட்டு 4 வருஷம் ஆகிறது. சேலையில் பூ வேலை போடும் ஜக்கார்டு பெட்டியை விற்றவர், அதை ஓட்டும் துளை அட்டைகளை விற்கவில்லை. பழைய மாங்காய் புட்டா அட்டைக்கட்டு ஒன்று ஆரணி வீட்டுப் பரணில் இருந்தது. மலேசியாவில் அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது, அதில் 6 அட்டையைக் கயிறு பிரித்து எடுத்து வைத்துக்கொண்டேன். அக்கா பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் 5 நாள், பள்ளி விட்ட பிறகு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நிரலாக்கம் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-ல் வெளியிட்டது, இலவசம். வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று கோத்தாலே நிரல் ஓடும். பூனையை நடக்க வைத்தோம், மியாவ் சொல்ல வைத்தோம். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் எல்லாத் திரையிலும் ஒரே பூனை, ஒரே நடை. காப்பி நோட்டு எழுத வைத்துவிட்டு அதற்குப் படைப்பு என்று பெயர் சூட்டியது போலிருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அட்டைகளைக் கொடுத்தேன். ஜன்னலில் தூக்கிப் பிடித்தார்கள்; துளை வழியாக வெயில் புள்ளி புள்ளியாக முகத்தில் விழுந்தது. ஒரு அட்டை, ஊடை என்கிற குறுக்கு இழை ஒரு தடவை ஓடுவதற்கு. துளை இருந்தால் அதற்குரிய பாவு இழை, அதாவது நெடுக்கு இழை, மேலே எழும், இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். துளை 1, மூடிய இடம் 0. பிரான்சில் ஜக்கார்டு என்பவர் இந்தத் தறியைக் கொண்டுவந்தது 1804-ல். பின்னால் இங்கிலாந்தில் பாபேஜ் என்பவர் தன் கணக்கு எந்திரத்துக்குத் துளை அட்டை வைக்க நினைத்ததும் இதைப் பார்த்துத்தான். எங்கள் வீட்டில் சோறு போட்டது கணினியின் மூத்த உறவு என்று சொன்னபோது என் குரல் கொஞ்சம் கம்மிவிட்டது.

அப்புறம் ஆளுக்கொரு தாள், 16-க்கு 16 கட்டம். என்ன வரைவது என்று நான் வாயே திறக்கவில்லை. செம்பருத்தி வந்தது, வாவ் என்கிற மலேசியப் பட்டம் வந்தது, ஒரு பெண் ரம்புத்தான் பழம் வரைந்தாள், முடியோடு. ஒவ்வொரு வரியையும் 0, 1 என எழுதி, ஸ்கிராட்ச் அதை எழுத்து எழுத்தாகப் படித்து, 1 வந்த இடத்தில் முத்திரை குத்தும்படி கோத்தார்கள்.

நாலாம் நாள் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மதியம் 2 மணி, ஆரணியில் பதினொன்றரை. ரம்புத்தானைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அழகா இருக்கு கண்ணு. ஆனா நடுவுல 11 கட்டம் சேந்தாப்புல ரொப்பியிருக்க. இழை அவ்ளோ நீளத்துக்கு மிதந்தா, சேலை கட்டுறவங்க மெட்டியில மாட்டிக்கும். நடுநடுவுல ஒரு இழை போட்டுக் கட்டணும்."

"மெட்டின்னா?" என்றான் ஒருவன். "எங்கம்மா கால் விரல்ல போட்டிருக்காங்க லா" என்றாள் ரம்புத்தான்காரி.

நான் பாடத்திட்டத்தில் 'நிபந்தனை' என்று எழுதி வைத்திருந்த பாடம் அந்த நிமிஷம் தானாக நடந்தது. சேர்ந்தாற்போல் எத்தனை 1 வருகிறது என்று எண்ணு. 0 வந்தால் எண்ணிக்கையை அழி. 5-ஐத் தாண்டினால் நிறுத்து. அவர்களே பேசிப் பேசிக் கோத்தார்கள். வரம்பு மீறினால் பூனை வந்து "மெட்டி!" என்று கத்த வேண்டும் என்பதும் அவர்கள் முடிவுதான். வகுப்பு முழுக்க ஒரே மெட்டிச் சத்தம். ஒவ்வொருவரும் தன் படத்துக்குத் திரும்பிப் போய், எந்தக் கட்டத்தைக் காலி செய்வது என்று யோசித்தார்கள். அந்த யோசனைக்காகத்தான் நான் கடல் தாண்டிப் போனேன் என்று தோன்றியது.

ரம்புத்தான்காரி காலிக் கட்டங்களைச் சாய்வாக வைத்தாள். பழத்தின் மேல் வெயில் பட்டதுபோல் ஆகிவிட்டது. அந்தத் தாளை ஆரணிக்குக் கொண்டுவந்தேன். அப்பா கிராப் பேப்பர் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.